பதினாலாயிரம் கிலோமீட்டரும் ஒரு துடைப்பமும்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத தூரம் உலகத்தில் கிடையாது. பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் என்று எத்தனையோ காகிதங்கள் என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் பிரதி எடுப்பேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் கை வேலை செய்யும்போது கண் சும்மா இருக்குமா?

அப்படிப் படித்துப் படித்தே நான் விமானப் பயண நிபுணன் ஆனேன். மகனைத் துபாய்க்கு அனுப்பும் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால், "நாலு மணி நேரம்மா. இங்கருந்து திருச்சி போற நேரம்கூட இல்ல" என்பேன். சிங்கப்பூருக்கும் நாலு மணி நேரம்தான், எதிர்த்திசையில். லண்டன் பத்து, பதினொன்று. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவன் சொல்கிறான் என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. நானும் அந்த விஷயத்தை வெளியே விட்டதில்லை.

போன வருடம் என் மனைவி டொரண்டோவுக்குக் கிளம்பினாள். மகளுக்கு அங்கே பிரசவம். மருமகனுக்குப் பெற்றோர் இல்லை, கூட இருக்க ஆள் வேண்டும். எனக்கு விசா இன்னும் வரவில்லை. ஆகவே அவள் தனியாகப் போக வேண்டும். சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரத்துக்குள் விமானம் மாற வேண்டும், பிறகு பதினாலு மணி நேரம். மொத்தம் பதினாலாயிரம் கிலோமீட்டர். அதுவரை அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம், செங்கல்பட்டிலிருந்து அவள் அம்மா வீடு இருக்கும் நெம்மேலி. நாற்பது கிலோமீட்டர்.

ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன நிபுணன் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் வீட்டு டிக்கெட்டைப் படித்தான். பதினாலு மணி நேரம் பிரச்சினை இல்லை, அதில் உட்கார்ந்தால் போதும். நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான். அவள் தப்பான கேட்டில் போய் உட்கார்ந்துவிட்டால்? தூங்கிவிட்டால்? விமானம் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டால்?

எனக்கு பயம் வந்தால் நான் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்: லேமினேஷன். ஓர் அட்டை தயாரித்தேன். ஒரு பக்கம் தமிழில் அவளுக்கு: இறங்கியதும் எந்தப் பலகையைப் பார்க்க வேண்டும், எப்படி ரயிலில் ஏறி அடுத்த முனையத்துக்குப் போக வேண்டும், எந்த கேட். மறுபக்கம் ஆங்கிலத்தில் உலகத்துக்கு: இந்த அம்மா டொரண்டோவுக்குப் போகிறார், தயவுசெய்து உதவவும். சூடு வைத்து இரண்டு தடவை லேமினேட் செய்தேன். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. விமானம் தண்ணீரில் விழுந்தால் இந்த அட்டையை வைத்து என்ன செய்வாள் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு யோசித்து அதற்கும் தனியாக பயந்தேன்.

"நான் இன்னா காணாமப் போற கொழந்தையா? இத கழுத்துல மாட்டிக்கணுமா?" என்றாள்.

"கைப்பையில வெச்சிக்க. அது போதும்."

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி கட்டினோம். தரை முழுக்க நியூஸ்பேப்பர் துண்டு, டேப், சணல், முறுக்குத் தூள், சிந்திய கடுகு. பெட்டியில் எடை கூடியது. நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன், அவள் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். அதில் ஒரு சிப்பி மாலை. மகாபலிபுரத்தில் டூரிஸ்டுகளுக்கு விற்பார்களே, அந்த மாதிரி. பழுப்பேறி, நூல் இரண்டு முறை மாற்றியது.

"இது எதுக்கு அங்க?"

"இருக்கட்டும். கொழந்த வெளையாடும்."

"இத வாங்குனப்பவே தண்டம்னு சொன்னேன்."

"சொன்னீங்க சொன்னீங்க" என்று பிடுங்கிப் புடவைக்கு அடியில் சொருகினாள்.

விடியற்காலை வாசலில் கார் நிற்கும்போதுதான் முக்கியமான உத்தரவு வந்தது. "நான் போய்ச் சேர்ற வரிக்கும் வூடு பெருக்காதீங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஊருக்குப் போனவர் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரையே வாரி வெளியே கொட்டின மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து நான் கிண்டல் செய்துவந்த வழக்கம். அவள் போவது டொரண்டோ. "இருவத்தோரு மணி நேரம் குப்பையில கெடக்கவா?" என்றேன்.

"கெடங்க" என்றாள்.

இந்த வழக்கம் நாற்பது கிலோமீட்டருக்கு ஏற்றபடி தைத்த சட்டை. கல்யாணமான புதிதில் அவள் அம்மா வீட்டுக்குப் போவது ஒரு சின்னத் திருவிழா. காலை பத்து மணி பஸ்ஸில், என் கடை வாசலிலேயே, ஏற்றிவிடுவேன். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்தில் மகாபலிபுரம். கடையில் அப்போது போன் கிடையாது, மாமியார் வீட்டிலும் கிடையாது. ஆனால் கண்டக்டர் உண்டு. மீசைக்கு மை போடும் மனிதர், எங்கள் பெரிய மெஷின் வாங்கிய அன்று முதல் பிரதி எடுத்தவர். எடுத்தது தன் உள்ளங்கையை. இவள் இறங்கும்போது, "கடையில சொல்லிடுங்கண்ணா" என்று சொல்லுவாள். பஸ் திரும்பி வந்து ஸ்டாண்டுக்குள் வளையும்போதே அவர் படியில் தொங்கிக்கொண்டு கத்துவார்.

"அண்ணாத்த, சரக்கு எறக்கியாச்சு."

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக இருக்கும், கூடவே ஒரு நிம்மதி நெஞ்சில் இறங்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய், "சேந்துட்டாளாம்" என்பேன். அதுவரை துடைப்பத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்த என் அம்மா உடனே எழுந்து, ஒரு மூலை விடாமல் பெருக்குவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். சில நாள் மனைவி இல்லாத வீட்டில் அந்தச் சத்தம்தான் பெரிய துணை. சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவேன். கண்டக்டர் சொல்லிவிட்டார், அம்மா பெருக்கிவிட்டாள், வேறென்ன வேண்டும்?

அந்தக் கண்டக்டரும் இல்லை, அம்மாவும் இல்லை. கைக்குள் போன் இருக்கிறது. நிம்மதி மட்டும் ஏனோ அந்தப் பத்து மணி பஸ்ஸோடு போய்விட்டது.

மீனம்பாக்கத்தில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை ஆட்டினேன். வேறு யாரோ ஓர் அம்மாள் பதிலுக்கு ஆட்டினாள். என் மனைவி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பத்து மணிக்கு விமானம். மதியம் வீட்டுக்கு வந்து, குப்பை நடுவே கால் வைக்க இடம் தேடி உட்கார்ந்தேன். முறுக்குத் தூளுக்கு எறும்பு வர ஆரம்பித்திருந்தது.

இரண்டே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது. பின்னணியில் ஏதோ அறிவிப்புச் சத்தம். "இன்னாங்க, வந்து சேந்துட்டேன். சாப்டீங்களா?" அவ்வளவுதான்.

வந்து சேர்ந்துட்டேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் முப்பது வருடப் பழைய இயந்திரம் ஒன்று தானாக ஓடத் தொடங்கியது. எழுந்தேன். துடைப்பத்தை எடுத்தேன். கூடம், அறை, கட்டிலடி, ஒரு மூலை விடவில்லை. வாயில் ஒரு பாட்டு வேறு. எல்லாவற்றையும் முறத்தில் வாரும்போது கட்டிலடியிலிருந்து பளபளவென்று ஒன்று வந்தது.

லேமினேஷன் அட்டை.

முறத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். முதலில் அட்டையை எண்ணி பயந்தேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் அதைவிடப் பெரிய பயம் வந்தது. அவள் வந்து சேர்ந்தது துபாய்க்கு. இன்னும் பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாக்கி. பாதி வழியில் இருக்கிறவளை நான் வாரி முறத்தில் வைத்திருக்கிறேன். பெருக்கினேன், கெட்ட செய்தி வந்தது. கையும் முறமுமாக வந்தது.

போன் செய்தேன். அந்த ஊரில் வாட்ஸ்அப்பில் பேச முடியாதாம், குரல் செய்திதான் போகுமாம். இது நிபுணனுக்குத் தெரியாது. குரல் அனுப்பினேன். ஒற்றை டிக். இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் ஒற்றை டிக். அட்டையை இருபுறமும் படம் எடுத்து அனுப்பினேன். டிக்குகள் வரிசையாக நின்றன, ஒன்றுக்குக்கூட ஜோடி சேரவில்லை. டொரண்டோவில் விடியற்காலை ஐந்தரை என்று தெரிந்தும் மகளை எழுப்பினேன்.

"அம்மா அட்டைய மறந்துட்டாம்மா."

"எந்த அட்டப்பா?"

"வழி எழுதுன அட்ட. அம்மா இப்ப துபாய்ல வழி தெரியாம நிக்கிது."

கொட்டாவி விட்டாள். "உன்ன நெனச்சாத்தாம்பா பயமா கீது. அம்மா வந்துரும். நீ போய் ஏதாச்சும் சாப்புடு." நிறைமாதக்காரி, என்னை ஆறுதல் படுத்திவிட்டுத் தூங்கப் போனாள்.

அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முறத்தை எடுத்து, குப்பையைத் திரும்பக் கொட்டினேன். சும்மா கவிழ்க்கவில்லை. டேப் துண்டு ஜன்னல் பக்கம் இருந்தது, அங்கே. சணல் பெட்டி இருந்த இடத்தில். முறுக்குத் தூள் கதவோரம். கடுகைக் கையில் அள்ளிப் பரவலாகத் தூவினேன். அட்டையைக் கட்டிலடியில் தள்ளினேன். எறும்புகள் மட்டும் எங்கே இருந்தன என்று ஞாபகமில்லை, அவற்றின் பொறுப்பில் விட்டேன். பிறகு நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். பெருக்காத வீடு போலத்தான் இருந்தது. கடவுள் ஜெராக்ஸ் கடைக்காரர் இல்லையே, அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் பார்க்கவா போகிறார்.

ஐந்து மணிக்கு அடுத்த விமானம். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பாயிடம் போனேன். டிக்கெட் போடுகிறவர், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. என் முகத்தைப் பார்த்ததுமே கம்ப்யூட்டரில் விமானங்கள் ஊர்கிற வரைபடத்தைத் திறந்தார்.

"தோ பாரு மச்சான், கெளம்பிடிச்சி. அஞ்சு பத்து."

"அவ உள்ள கீறாளா?"

"அத பிளேன் சொல்லாது."

மஞ்சள் விமானம் மெதுவாக நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேற்கே போகவில்லை. நேராக வடக்கே ஏறியது.

"பாய், டொரண்டோ மேக்கால கீது. இவன் இன்னாத்துக்கு வடக்கால போறான்?"

"அதான் வழி."

"கடல் இந்தாண்ட கீதே. இந்த வழில போனா ஐஸ்ல போய் நிப்பான்."

பாய் பேசாமல் பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஒரு சாத்துக்குடி வாங்கி வந்தார். மேஜையிலிருந்த ரப்பர் பேண்டை அறுத்து, ஒரு முனையைத் துபாய் என்று ஓரிடத்திலும் மறுமுனையைப் பழத்தின் அந்தப் பக்கம் டொரண்டோ என்றும் கட்டைவிரலால் அழுத்தினார். இறுக்கியதும் ரப்பர் தானாக வழுக்கி, காம்புப் பக்கமாக மேலே ஏறிக்கொண்டது.

"பாத்தியா? உருண்டையில குறுக்கு வழி இப்பிடித்தான் போவும். முப்பது வருசமா ஊருக்கு ரூட்டு சொன்னியே, நைனா."

பிறகு அந்தப் பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். அவள் போகிற பாதை எந்தச் சுளையில் இருக்கிறது என்று தெரியாமல், பார்த்துப் பார்த்துத் தின்றேன்.

அந்தப் பதினாலு மணி நேரத்தில் நடந்தது ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போனேன், குப்பையை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து பழகினேன். விமானம் ரஷ்யா மேல் போனது, ஐஸ் மேல் போனது. அவள் அதில் இருக்கிறாளா என்பது மட்டும் தெரியவில்லை. ஒற்றை டிக் ஒற்றையாகவே இருந்தது. காலை ஏழுக்கு வரைபடத்தில் விமானம் நின்றது. எட்டே காலுக்கு வீடியோவில் மகள் முகம் வந்தது. அது நகர்ந்தது. பின்னால், தள்ளுவண்டியைப் பிடித்தபடி, தலை கலைந்து, என் மனைவி.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இன்னாங்க, வூடு பெருக்கனீங்களா?"

"இல்லியே."

"போன அப்பிடியே கீழ காட்டுங்க."

காட்டினேன்.

"இது இன்னா, வெத தெளிச்ச மாதிரி அளவா கீது? யாரு கொட்டுனது?"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அட்டை கிடைத்தது, முறம், கடுகு எல்லாம். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவளுக்கும் சிரிப்புதான் வந்தது.

"நான் துபாய்ல போய் எறங்குனா, எதிர்ல ஒரு புள்ள மிசின வெச்சிப் பெருக்கிகினு கீறான். எனக்குப் பகீர்னு ஆயிடிச்சி. அப்பறம் பாத்தா கடலூர் பக்கத்துப் புள்ள. அவன்தான் ரயில் வரிக்கும் கூட வந்து ஏத்திவுட்டான். அங்க அவன் பெருக்கறான், இங்க நீங்க பெருக்கறீங்க. நான் பாட்டுக்கு வந்துட்டேன்."

"கேட்டு எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"கேட்டுகினு போனேன். மாபலிபுரத்துல பஸ்ஸு மாறுற மாதிரிதான். எத்தினி வாட்டி மாறியிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. முப்பது வருடத்தில் முதல்முறையாக. கண்டக்டர் சொன்ன "எறக்கியாச்சு" மகாபலிபுரத்தோடு முடிந்துவிடும். நெம்மேலிக்கு அங்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். என் அம்மா பெருக்கியபோதெல்லாம் இவள் இன்னும் வழியில்தான் இருந்திருக்கிறாள்.

"அப்ப எங்கம்மா ஒவ்வொரு வாட்டியும்..."

"பாதி வழியிலதான் பெருக்குவாங்க. எனக்குத் தெரியும். சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல." பெட்டியை நகர்த்திக்கொண்டே, யாரோ அடுத்த வீட்டுக்காரி கதை மாதிரி சொன்னாள். "ஒரு வாட்டி எட்டு மாசக் கொழந்த இவள இடுப்புல வெச்சிகினு ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். கோவளத்தாண்ட மறியல், ஒரு பஸ்ஸு வரல. வெயிலு. இவ கத்திகினே கீறா. சிப்பி விக்கிற அம்மா ஒன்னுதான் ஒரு மாலைய எடுத்து இவ கையில குடுத்துச்சி. அத்தோட அழுகைய நிறுத்துனா."

சிப்பி மாலை. தண்டம் என்று நான் சொன்னது. வாங்கவே இல்லை அவள். அந்த மதியம் எனக்கு ஞாபகமில்லை, ஞாபகம் இருக்க ஒன்றும் நடக்கவில்லையே. கண்டக்டர் கத்தியிருப்பார், அம்மா பெருக்கியிருப்பாள், நான் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பேன். இன்றைக்கு அவளுக்காகப் பதினாலு மணி நேரம் பயந்தவன், பயந்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரம் குறட்டை விட்டிருக்கிறான்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"போய்ச் சேந்தாச்சில்ல. இன்னாத்த சொல்றது." தள்ளுவண்டி கிளம்பியது. "சரி, போதும். இப்ப பெருக்குங்க. எறும்பு ஏறிடப் போவுது."

துடைப்பம் கையில்தான் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

"ஏர்போர்ட்லருந்து வூடு எவ்ளோ தூரம்?" என்று மகளிடம் கேட்டேன்.

"முக்கா மணி நேரம்ப்பா."

"அப்ப வூட்டுக்குப் போயி, உள்ள போயி ஒக்காந்துட்டு கூப்புடு. அதுக்கப்பறம் பெருக்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. என் மனைவி கேமராவைக் கிட்டத்தில் இழுத்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு போனை வைத்தாள்.

நான் கட்டிலில் ஏறி, காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, துடைப்பத்தை மடியில் போட்டு உட்கார்ந்தேன். வெளியே பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கீழே நான் தூவிய கடுகைத் தாண்டித் தாண்டி எறும்புகள் முறுக்குத் தூளுக்குப் போய்க்கொண்டிருந்தன. போகட்டும். நெம்மேலி இன்னும் வரவில்லை.